விரல் மடங்கத் தந்த சொற்கள்

வலது மணிக்கட்டு ஒடியும் வரை எனக்கும் கவிதைக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல்கள் சொல்லச் சொல்ல மனுக்களையும் பிரமாணப் பத்திரங்களையும் கிரயப் பத்திரங்களையும் அடித்துக் கொடுப்பது தொழில். ஒரு நாளில் என் விரல் வழியாக எத்தனையோ ஆயிரம் சொற்கள் போகும். அதில் ஒன்றுகூட என்னுடையது கிடையாது. 'மேற்படி', 'தாவா சொத்து', 'பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று பகலெல்லாம் பிறத்தியார் வழக்கை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்கத் தோன்றாது. சாப்பிடுவேன், செய்தி பார்ப்பேன், படுத்துவிடுவேன். பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு வீட்டில் என் மனைவியும் நானும் மட்டும்தான். என் மௌனம் அவளுக்குப் பழகிப்போயிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கடையில் மேலே வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினேன். நாற்காலியின் கால் மடங்கியது. விழும்போது வலது கையை ஊன்றினேன். தேனியில் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டு இருந்தவரை எனக்குப் பெரிய கவலை இல்லை. ஓய்வு கிடைத்த மாதிரிகூட இருந்தது. கட்டைப் பிரித்த அன்றுதான் பயந்தேன். கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையையோ என் தோளில் மாட்டிவிட்டது போல இருந்தது. விரலை மடக்கச் சொன்னார் டாக்டர். நான் மடக்கினேன். அதாவது மடக்குவதாக நினைத்தேன். விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"பிசியோதெரபிக்கு ஒழுங்காப் போங்க. விட்டீங்கன்னா இப்படியே நின்னுரும்," என்றார்.

டைப் அடிக்கிறவனுக்கு இதைவிட ஒரு மிரட்டல் வேண்டாம். மறுநாளே என் மனைவி ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். உத்தமபாளையத்திலேயே ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்தச் சிறிய பிசியோதெரபி நிலையம் இருந்தது. இரண்டு அறை, மூன்று கட்டில், ஒரு சைக்கிள் மிஷின். நடத்தியவர் முப்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண். கோட்டயம் பக்கத்துக்காரர். கணவருக்குக் கம்பத்தில் வேலை என்பதால் இங்கே வந்து ஒரு வருடம் போல ஆகியிருந்தது. தமிழ் பேசுவார், ஆனால் வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. என்னைச் சேட்டா என்றும் என் மனைவியைச் சேச்சி என்றும் கூப்பிட்டார்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு அம்மாவுடையது. அறுபதை ஒட்டிய வயது. வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்தவர். மிஷின் நின்றுபோனாலும் முட்டிவலி நிற்கவில்லை. "முட்டிக்கு வைத்தியம் பாக்குற எடத்தக் கொண்டுபோயி மாடியில வச்சிருக்காக பாரு!" என்று தினமும் படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார். தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்த பிறகும் அது ஓயாது. எனக்கு அந்தக் குரல் முதல் நாளே பிடித்துப்போயிற்று.

உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, துண்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். சூடு இறங்கியதும் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்குவார். அதுவரை பேசிச் சிரித்த முகம் அப்போது மாறிவிடும். நான் கத்துவேன். கீழே மருந்துக்கடைக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று என் மனைவி சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து அவர் என் கையில் பேனாவைக் கொடுத்தார். பேனாத் தண்டில் ஸ்பாஞ்சு சுற்றித் தடிமனாக்கியிருந்தது.

"இனி தினம் எழுதணும் சேட்டா. விரலுக்கு அது நல்ல வேலை."

"என்னத்த எழுத?"

"என்ன வேணமெங்கிலும்."

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பேனா பிடித்ததும் கைக்கு வந்தது ஒன்றுதான். மறுநாள் அதைக் கொண்டுபோனேன். படிக்கச் சொன்னார். படித்தேன்: "மேற்படி முகவரியில் வசித்து வரும் மனுதாரராகிய நான் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில், எனது வலது கையானது கடந்த மாதம் முதல்..."

பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு வெடித்தது. "ஏந் தம்பி, கை யாரு மேல கேசு போட்டிருக்கு?" என்றார் அந்த அம்மா. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிசியோதெரபிப் பெண்ணுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் இது சரியில்லை என்று மட்டும் தெரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு செய்யலாம். நான் தினம் ஒரு வாக்கு தராம். அந்த ஒரு வாக்கு வச்சு எழுதிட்டு வாங்க. கவிதை மாதிரி. சின்னது போதும். பெரிசா எழுதினா கை நீர் வச்சுரும்." வாக்கு என்று அவர் சொன்னது சொல்லை.

எனக்குக் கவிதை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அது சின்னது என்பதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வரிக்கு நாலு சொல்லுக்கு மேல் போனால் கட்டைவிரல் அடியில் வலி பிடுங்கும். அதனால் வரியை முறித்தேன். முறித்த இடத்தில் கையை உதறிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருந்த நேரத்தில் அடுத்த வரி வந்தது.

முதல் நாள் அவர் தந்த வாக்கு 'வெள்ளம்'. நான் ஆற்றை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

*ஆறு பெருகிய வருடம்*
*பாலத்தில் நின்று பார்த்தோம்.*
*யார் வீட்டு அண்டாவோ*
*உட்கார்ந்தபடி போனது.*

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நான்தான் வாசிக்க வேண்டும். நான் வாசிக்கும்போது அவர் விரலை மடக்குவார். "நிறுத்தாம வாசிங்க," என்பார். கத்துவதற்கு வைத்திருந்த மூச்சு வாசிப்புக்குப் போய்விட்டது. 'உட்கார்ந்தபடி' என்ற இடத்தில் மட்டும் குரல் உச்சிக்கு ஏறியது. வாசித்து முடித்தபோது நடுவிரல் முந்தின நாளைவிடச் சற்று அதிகமாக மடங்கியிருந்தது.

"நல்லாயிருக்கு. பட்சே இது வெள்ளப்பொக்கம் அல்லே? நான் சொன்னது குடிக்கிற வெள்ளம்."

அவர் ஊரில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "அண்டா போனது போனதுதான். இன்னைக்குக் குடிதண்ணியப் பத்தி எழுதிட்டு வா தம்பி."

அப்படித்தான் ஒரு வாக்குக்கு இரண்டு கவிதை எழுதுகிற வழக்கம் வந்தது. 'பனி' என்றார். மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்த துணியைப் பற்றி எழுதினேன். அவருக்குப் பனி என்றால் காய்ச்சல். மறுநாள், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மட்டும் எங்கள் வீட்டுக்கு ரொட்டி வரும் என்பதையும், தம்பி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்பட்டதையும் எழுதினேன். அதை வாசித்தபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் அப்படித்தான் தம்பி," என்று மட்டும் சொன்னார்.

வாக்கு கிடைத்ததிலிருந்து மறுநாள் காலை வரை அது கூடவே வரும். 'கம்பி' என்று ஒரு நாள் கொடுத்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறேன்; இத்தனை வருடம் நான் வண்டி ஓட்டிக்கொண்டு போன அதே ரோடு. திராட்சைப் பந்தல்களில் கட்டியிருக்கிற கம்பியெல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மழை விட்ட நேரம். கம்பி நெடுகத் துளிகள் தொங்கின. ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததும் அத்தனை துளியும் ஒரே நேரத்தில் விழுந்தது. "வண்டிய நிறுத்து, வண்டிய நிறுத்து," என்றேன். என் மனைவி பதறி நிறுத்தினாள். "என்னங்க, கை வலிக்குதா?" காக்கையைக் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு காக்கையைப் பார்த்தாள். அது பறந்து அடுத்த கம்பியில் உட்கார்ந்தது. அங்கேயும் துளிகள் விழுந்தன. "ஆமா," என்றாள்.

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. ஒரு மாதம் தாண்டியதும் விரல்கள் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டன. அதற்கு மேல் மடங்கவில்லை. பொறுக்காமல் ஒரு நாள் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே என் மனைவிதான் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி அடிக்கப் பார்த்தேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் தப்பான கட்டையிலேயே போய் விழுந்தன. என் பெயரைக்கூடச் சரியாக அடிக்க முடியவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் பிசியோதெரபிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. என் மனைவி கேட்டாள், கெஞ்சினாள், அப்புறம் விட்டுவிட்டாள். அந்தப் பெண் போன் செய்தார். எடுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. தையல் மிஷின் அம்மா இறங்கினார். படி இல்லாத வீடு என்பதில் ரொம்பத் திருப்தி அவருக்கு. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீ பாட்டுக்கு வரமாட்டேன்னு இங்கன படுத்துக்கிட்டா எப்படித் தம்பி? எங் காலுல கரண்ட வச்சுட்டு அந்தப் புள்ள அங்கிட்டுப் போயிருது. மிஷினு சத்தத்தையே கேட்டுக்கிட்டு எம்புட்டு நேரம் கெடக்குறது? நீ வாசிச்சியின்னா வலி தெரியாது எனக்கு."

"கை நின்னுபோச்சும்மா. இனிமே மடங்காது."

"மடங்குனா மடங்குது, மடங்காட்டிப் போகுது. வாசிக்கிறதுக்குக் கை எதுக்கு?"

அவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"இது அந்தப் புள்ள குடுத்துவிட்டது இல்ல. என் சொந்த வாக்கு. முடிச்சு. நாளைக்கு எழுதிக்கிட்டு வா."

ஆட்டோ போன பிறகு என் மனைவி ஸ்பாஞ்சு சுற்றிய பேனாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எழுதினேன். நூல் முடிச்சை நகத்தால் அவிழ்க்கலாம், பல்லால் அவிழ்க்கலாம், விரலில் விழுந்த முடிச்சை அவிழ்க்கப் பக்கத்துக் கட்டில்காரர் ஆட்டோ பிடித்து வருகிறார் என்று முடிந்தது அது. மறுநாள் வாசித்துக்காட்டியதும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பிறகு, "நல்லாருக்கு. ஆனா நூலப் பல்லால கடிக்காத தம்பி. துணி எச்சியாயிரும்," என்றார்.

அந்த வாரத்தில்தான் 'சம்சாரம்' வந்தது.

படி இறங்கும்போது பிசியோதெரபிப் பெண் மேலிருந்து குரல் கொடுத்தார்: "சேட்டா, நாளைக்கு சம்சாரம்." நான் திடுக்கிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று மாலை முழுவதும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அண்டாவையும் காக்கையையும் எழுதுவது வேறு. அடுப்படியில் தாளிக்கிற ஓசை கேட்டுக்கொண்டிருக்கிறது; அந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும். எழுதினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் மெழுகுக் கையோடு உட்கார்ந்திருக்கும்போது, "இன்னைக்கு எழுதலம்மா. நேரமில்ல," என்றேன்.

"பையில காயிதம் தெரியுது," என்றார் பக்கத்துக் கட்டில்.

என் மனைவி எப்போதும்போல எதிர்ச் சுவர் பெஞ்சில் இருந்தாள். தப்பிக்க வழியில்லை. பிசியோதெரபிப் பெண் மோதிரவிரலைப் பிடித்தார். வாசித்தேன்.

*என் சட்டைப் பொத்தானை*
*இப்போது நீதான் போடுகிறாய்.*
*கீழிருந்து மேலே வருகிறாய்.*
*கடைசிப் பொத்தானில்*
*உன் முகம் பக்கத்தில் வருகிறது.*
*இடது புருவத்துக்குள் ஒரு தழும்பு.*
*இத்தனை வருடம் கழித்து*
*கை ஒடிந்த பிறகு பார்க்கிறேன்.*
*எப்போது விழுந்தாய்?*
*யார் தூக்கினார்கள்?*

சைக்கிள் மிஷினில் யாரும் இல்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரை பெயர் சொல்வது கேட்டது. பிசியோதெரபிப் பெண் விரலை மடக்கியபடியே நிறுத்தியிருந்தார். எனக்கு வலித்ததாக நினைவில்லை.

"சேட்டா," என்றார் மெதுவாக. "எங்க ஊர்ல சம்சாரம்னா பேச்சு. பேசுறது. நான் அதைத்தான் சொன்னது."

"இந்தா, இதுவும் மாறிப்போச்சா!" என்று தையல் அம்மா கட்டிலைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. புருவத்தை விரலால் ஒரு தரம் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

திரும்பும் வழியில் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பன்னீர்த் திராட்சை ஜூஸ் போடுகிற கடை முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு சொன்னாள். ஜூஸ் வந்தது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒம்பதாவது படிக்கையில விழுந்தது."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "எங்கன?" என்றேன்.

"எங்க ஊருல. கெங்குவார்பட்டி கிரவுண்டுல. எறநூறு மீட்டரு ஓட்டம். நாந்தான் முன்னாடி போயிட்டிருந்தேன். கடைசி வளைவுல கால் பெரண்டு விழுந்தேன். கல்லு குத்தி ரத்தமா வந்துச்சு."

"யாரு தூக்குனாக?"

"யாரும் தூக்கல. நானா எந்திரிச்சு ஓடுனேன். ரெண்டாவது வந்தேன்."

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவள் ஓடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

"நீ நல்லா ஓடுவியா?"

"எங்க பள்ளிக்கூடத்துல என்னைய மிஞ்சி ஆளு கெடையாது," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. நான் கண்டிராத முகம் அது. "தேனிக்குப் பெரிய போட்டிக்குப் போகச் சொன்னாக டீச்சரு. மொகத்துல தையல் போட்ட புள்ளைய வெளியூருக்கு எப்படி அனுப்புறதுன்னு அப்பா விடல. அதோட சரி."

"ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க எப்பக் கேட்டீக?" கோபமாகக் கேட்கவில்லை; நிஜமாகவே கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தப் புள்ளகிட்ட நாந்தான் சொல்லிப் பொலம்புனேன். அவுக வெளியில நல்லாத்தான் இருப்பாக, வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாகன்னு. அதுக்குத்தான் அந்த வாக்கக் குடுத்திருக்கு. பேச்சப் பத்தி எழுதுவீகன்னு பாத்திருக்கு."

"நான் ஒன்னைய எழுதிட்டேன்."

"சரி, ஜூஸக் குடிங்க. ஐஸு கரையுது."

குடித்தோம். அவள் ஓடிய கதை வீடு வரும்வரை தொடர்ந்தது. கூட ஓடிய பிள்ளைகள், செருப்பில்லாமல் ஓடியது, மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டது, பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன்பாக்ஸ். அந்த டிபன்பாக்ஸில்தான் நான் பல வருடம் கடைக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதன் மூடியில் ஏதோ எழுத்துப் பொறித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாத்திரக்கடையில் வெட்டிய பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இருந்தது. நான் திடீரென்று வாயாடி ஆகிவிடவில்லை. மறுநாள் வாக்கைப் பற்றிக் கேட்பேன். 'உப்பு' என்றால் உப்பைப் பற்றி உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்பேன். அவள் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். பாதிக் கவிதை அவள் சொன்னதுதான். "பேரு மட்டும் ஒங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

கை கடைசிவரை முழுசாகச் சரியாகவில்லை. மற்ற விரல்கள் வந்துவிட்டன. மோதிரவிரல் முக்கால் பங்கு மடங்கும். அதற்கு மேல் வராது. டாக்டர் இவ்வளவு வந்ததே நல்லது என்றார். கடையைத் திறந்தேன். முன்பு போல வேகம் இல்லை. அவசரக்கார வக்கீல்கள் வேறு கடைக்குப் போனார்கள். நிதானமானவர்கள் என்னிடமே இருந்தார்கள். அதுவும் ஒரு வகையில் நன்றாகத்தான் இருக்கிறது.

கோடை தொடங்கும்போது பிசியோதெரபிப் பெண்ணின் கணவருக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் நாங்கள் மூவரும் போனோம். கட்டில்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். என் மனைவி அவருக்குச் சேலையும், வண்டியில் சாப்பிட எலுமிச்சைச் சோறும் கொண்டுவந்திருந்தாள். தையல் அம்மா தன் கையாலேயே தைத்த ஒரு தலையணை உறை கொடுத்தார். நான் அந்தப் பெண்ணிடம் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நீங்க கவிதை எழுதுவீங்களாம்மா? வார்த்தை கொடுத்து எழுதச் சொல்ற முறையெல்லாம் எங்க படிச்சீங்க?"

அவர் சிரித்தார். "எழுத அறியாது சேட்டா. எங்க ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை ஒரு வாக்கு போர்டுல எழுதிப் போடும். எல்லாரும் உடனே கவிதை எழுதணும். நான் ஒரு வரிகூட எழுதினதில்ல. பெஞ்சுல உட்கார்ந்து மத்த பிள்ளைங்க வாசிக்கிறதக் கேட்டுட்டே இருக்கும். எனக்கு அதுதான் இஷ்டம். கேட்கிறது."

தமிழ் படிக்கத் தெரியாத அவருக்கு என் காகிதங்களைக் கொடுத்து என்ன பயன்? அவர் போனில் என் குரலைப் பதிந்து கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று, எது நினைவில் இருந்ததோ அதையெல்லாம் வாசித்தேன். சாமான் ஏற்ற வந்தவர்களும் ஓரமாக நின்று கேட்டார்கள். 'சட்டைப் பொத்தான்' வந்தபோது என் மனைவி வெளியே போய்விட்டாள்.

இப்போது காலையில் வாக்குத் தருவது அவள்தான். பெரும்பாலும் தோசை வார்த்துக்கொண்டே சொல்வாள். கோபமாக இருந்தால் 'கரி' என்பாள். நான் கடையில், ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் நடுவில், பழைய ஸ்பாஞ்சு போன பிறகு வெறும் பேனாவில் எழுதுகிறேன். சில நாள் நன்றாக வரும். பல நாள் வராது. எங்கேயும் அனுப்பியதில்லை. மாலையில் அவளுக்கு வாசிப்பேன். தையல் அம்மாவுக்குப் போனில் குரலாக அனுப்புவேன். கோழிக்கோட்டுக்கும் அனுப்புவேன். அங்கிருந்து, ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே, "கேட்டு, கேட்டு," என்று பதில் வரும். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். ஒரு நாற்காலி சரிந்ததற்கு நன்றி சொல்வது அபத்தம்தான். ஆனால் இந்த மூன்று பெண்களை நினைக்கும்போதெல்லாம், எனக்குக் கிடைத்தது என் கணக்குக்கு மீறியது என்றே தோன்றுகிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகத் தந்தார்கள்.

போன ஐப்பசியில் தையல் அம்மாவுக்கு மதுரையில் முட்டி மாற்று ஆப்பரேஷன் நடந்தது. நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. "லிப்ட்டு வச்சிருக்காக. அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு," என்றார். என் மனைவி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாள்.

அன்றைக்கு எழுதியதை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இன்னைக்கு நான் சொல்றேன். எனக்கு எழுத்துக் கூட்ட வராது. நீ போட்டுக்க."

போனை எடுத்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். மெதுவாகச் சொன்னதால் என் விரலுக்கும் வசதியாக இருந்தது.

*எம் முட்டிய எடுத்துட்டு*
*வேற முட்டி வச்சிருக்காக.*
*பழசு எங்கனன்னு கேட்டேன்.*
*சிரிச்சாக.*
*அது மிதிச்ச மிஷினுல தச்ச சட்டையெல்லாம்*
*இந்நேரம் எந்த ஊருல நடக்குதோ.*

நான் அடித்து முடித்தும் தலை நிமிரவில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டியா? எங்க, வாசி," என்றார்.

வாசித்தேன்.

"வெரசா வாசிக்கிற தம்பி. 'சிரிச்சாக'ன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிப்பாட்டு. அப்புறம் போ."

நிறுத்தி, மறுபடி வாசித்தேன்.